என்ஏ இல்லாத கோப்பில் என்ஏ எங்கிருந்து வந்தது?

முதுமாணி ஆய்வு செய்யும் ஒரு மாணவி மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கமிருந்து எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். நீளமான கடிதம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

நூற்றுக்கு மேற்பட்ட நெல் விவசாயிகளை வட்டை (வயல்வெளி) வட்டையாகப் போய்ச் சந்தித்து, 2020/21 பெரும்போகம் தொடங்கி 2023 சிறுபோகம் வரையான ஆறு போகங்களில் ஏக்கருக்கு எத்தனை மூடை கண்டார்கள் என்று கேட்டுப் பதிந்திருக்கிறார். முந்திய போகத்தைவிட விளைச்சல் எத்தனை தடவை குறைந்தது என்று ஒவ்வொருவருக்கும் எண்ண வேண்டும். ஆய்வேட்டின் மைய எண்ணே அதுதான். புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) மொழியில் ஒரு ஃபோர் லூப், அதாவது ஒரே கட்டளையைச் சுற்றுச் சுற்றாகச் செய்விக்கும் நிரல்துண்டு, எழுதி ஓட்டியிருக்கிறார். அது முதல் விவசாயியிலேயே நின்று, "மிஸ்ஸிங் வேல்யூ வேர் ட்ரூ/ஃபோல்ஸ் நீடட்" என்றிருக்கிறது. ஆம் அல்லது இல்லை என்ற விடை வேண்டிய இடத்தில் விடுபட்ட பெறுமதி வந்துவிட்டது என்று பொருள். விடுபட்ட பெறுமதியை ஆர் என்ஏ (NA) என்று குறிக்கும். ஆனால் இஸ்.என்ஏ கட்டளையால் எண்ணிப் பார்த்தால் கோப்பில் விடுபட்ட பெறுமதி ஒன்றுகூட இல்லை. "சேர், ஒரு பெட்டியும் வெறுமையில்லை. இல்லாத ஒன்றை இருக்கு என்று சொல்லுது" என்று எழுதியிருக்கிறார்.

கூடப் படிக்கும் ஒருவர் சொன்னபடி லூப்பை ஒரு நிரைக்கு முன்னதாக நிறுத்தினார். கனபேரைத் தாண்டி ஓடி, நடுவில் ஒரு விவசாயியிடம் அதே பிழையோடு நின்றது. அவரது பதிவை நீக்கினார், இன்னொருவரிடம் நின்றது. இப்படி ஏழெட்டுப் பேரை நீக்கிய பிறகு பிழை போய்விட்டது. இப்போது அவருக்கு நான்கு கேள்விகள். நீக்கியது சரியா? சீனியர் ஒருவர் சொன்னதுபோல என்ஏ வரும் இடத்தில் பூச்சியம் போடலாமா? ஆரை இரண்டு தடவை அழித்து நிறுவியும் மாறாததால் எஸ்பிஎஸ்எஸ் என்ற வேறு மென்பொருளுக்குப் போகலாமா? "டேட்டாவை கிளீன் பண்ணி ரிசல்ட்டோடு தருகிறேன்" என்று ரவுணில் காசு கேட்பவரிடம் கொடுத்துவிடலாமா? ஆய்வேடு கொடுக்க மூன்று கிழமை இருக்கிறது.

தங்கச்சி, உங்கள் ஆர் பழுதாகவில்லை. திரும்ப நிறுவி நேரத்தைப் போக்காட்ட வேண்டாம். கோப்பில் என்ஏ இல்லை என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? உங்கள் கட்டளைதான் அதை உண்டாக்குகிறது.

என்ஏ பிறக்கும் இடம்

உங்கள் லூப்பின் உள்ளே இருக்கும் கேள்வியை, மாறிகளின் பெயரைத் தமிழில் வைத்து எழுதினால் இப்படி வரும்: இஃப் (விளைச்சல்[ஐ + 1] < விளைச்சல்[ஐ]). ஒரு விவசாயிக்கு ஐந்து போகம் பதிவாகியிருக்கிறது, விளைச்சல் 24, 21, 26, 18, 22 மூடை என்று வையுங்கள். லூப் 1 முதல் 5 வரை ஓடுகிறது; எத்தனையாவது சுற்று என்ற எண்தான் ஐ. ஐ என்பது 5 ஆகும்போது ஆறாவது பெறுமதியைக் கேட்கிறீர்கள். ஆறாவது கிடையாது. பைதன் மொழியின் பட்டியலாக இருந்தால், எல்லை தாண்டிவிட்டாய் என்று அந்த இடத்திலேயே கத்தியிருக்கும். ஆர் கத்தாது. நீளத்துக்கு அப்பால் உள்ள இடத்தைக் கேட்டால் சத்தமில்லாமல் ஒரு என்ஏயைக் கையில் தந்துவிட்டுப் போகும்.

அடுத்து, 22ஐவிட என்ஏ சிறியதா என்று ஒப்பிடுகிறீர்கள். ஆருக்கு ஆம், இல்லை என்ற இரண்டோடு மூன்றாவதாக 'தெரியாது' என்ற விடையும் உண்டு. அறியாத ஒன்றோடு எதை ஒப்பிட்டாலும் விடை தெரியாது என்றுதான் வரும். என்ஏயும் என்ஏயும் சமமா என்று கேட்டால்கூட என்ஏதான். ஆனால் இஃப் என்ற கட்டளை ஆம் அல்லது இல்லை இரண்டைத்தான் ஏற்கும். மூன்றாவது விடை வந்ததும் நின்றுவிடுகிறது. இஸ்.என்ஏ கோப்புக்குள் இருப்பதைத்தான் எண்ணியது. லூப் கோப்புக்கு வெளியே கை நீட்டியது. இரண்டு விடைகளும் உண்மை.

இதை நீங்களே கண்டுபிடித்திருக்கலாம். லூப் நின்றவுடன் கொன்சோலில் ஐ என்று மட்டும் அடித்துப் பாருங்கள். எந்தச் சுற்றில் நின்றதோ அந்த எண் அப்படியே இருக்கும். அது கடைசி நிரையின் எண்ணாக இருந்தால் எல்லையைச் சந்தேகிக்க வேண்டும்; நடுவிலுள்ள எண்ணாக இருந்தால் அந்த நிரையின் பெறுமதியைப் பார்க்க வேண்டும். லூப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்திருந்தால் ஐ வெளியே தெரியாது. அப்போது ஒப்ஷன்ஸ் கட்டளையில் எரர் என்பதற்கு ரிகவர் என்று கொடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். பிழை வந்த இடத்திலேயே நிறுத்தி, உள்ளே போய்ப் பார்க்க விடும். பிழையின் வாசகத்தை இணையத்தில் தேடி வருகிற தீர்வுகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பதைவிட இது எத்தனையோ மடங்கு வேகம்.

ஒன்றிலிருந்து பூச்சியத்துக்கு

சக மாணவர் சொன்ன திருத்தம் பாதி சரி. 1:(எண்ணிக்கை - 1) என்று மாற்றினால் ஐந்து போகம் உள்ளவருக்கு லூப் நான்கோடு நிற்கும். (அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டால் வேறு வினை. 1:5 - 1 என்பதை ஆர் 0 முதல் 4 வரை என்று எடுத்துக்கொண்டு, நீளம் பூச்சியம் என்று இன்னொரு பிழையைத் தரும்.)

ஒரே ஒரு போகம் மட்டும் பதிவாகியிருப்பவரை இப்போது எடுங்கள். எண்ணிக்கை 1. அப்படியானால் லூப் 1:0. சுற்றே ஓடாது என்றுதான் யாரும் நினைப்போம். ஆர் அப்படி எடுப்பதில்லை. ஒன்றிலிருந்து பூச்சியத்துக்குப் பின்னோக்கி எண்ணச் சொல்வதாக எடுத்துக்கொண்டு 1, 0 என்று இரண்டு சுற்று ஓடப் பார்க்கும். முதற் சுற்றிலேயே இரண்டாவது பெறுமதியைக் கேட்கிறது, அது இல்லை, என்ஏ, அதே பிழை. நீங்கள் நீக்கிய ஏழெட்டுப் பேரின் பதிவுகளையும் திறந்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு நிரைதான் இருக்கும் என்று எண்ணுகிறேன். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "சிலர் ஒரு போகம் செய்துவிட்டு விட்டவங்கள், செய்யாத போகத்துக்கு நான் நிரை போடவில்லை" என்று.

கட்டளை மட்டத்தில் இதற்கு மருந்து சுலபம். 1:(எண்ணிக்கை - 1) இருக்கும் இடத்தில் சீக்_லென்(எண்ணிக்கை - 1) என்று எழுதுங்கள். சீக்_லென்னுக்குப் பூச்சியம் கொடுத்தால் வெறுமையைத் தரும், லூப் ஓடாது. நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்தாலும் பிழை வராது.

பிழை போன பிறகு

பலர் இந்த இடத்தில் மூச்சு விட்டுவிட்டு அட்டவணை போடப் போய்விடுவார்கள். எனக்குப் பயம் இனித்தான் தொடங்குகிறது. பிழை வராமல் ஓடிய கட்டளை அந்த ஏழெட்டுப் பேருக்கு என்ன விடை தந்திருக்கும்? குறைந்த தடவைகளை எண்ணும் மாறியைப் பூச்சியத்தில் தொடங்கினீர்கள். லூப் ஓடவில்லை. ஆகவே பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். உங்கள் அட்டவணையில் அதற்கு என்ன பொருள்? இவருக்கு விளைச்சல் ஒரு தடவைகூடக் குறையவில்லை என்று பொருள். உரம் கிடைக்காமல், நட்டப்பட்டு, காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மேசன் வேலைக்குப் போனவர், ஆறு போகமும் குறைவில்லாமல் அறுத்த பெரிய காணிக்காரரான போடியாரோடு ஒரே வரிசையில் நிற்பார்.

லூப்பே வேண்டாமென்று, அடுத்தடுத்த பெறுமதிகளின் வித்தியாசத்தைத் தரும் டிஃப் என்ற கட்டளையால் ஒரே வரியில் செய்தாலும் இதுவேதான். ஒரு பெறுமதியின் டிஃப் வெறுமை. வெறுமையின் கூட்டுத்தொகை பூச்சியம். எச்சரிக்கைகூட வராது. ஆகவே அவர்களுக்குரிய விடையை நீங்கள்தான் வெளிப்படையாக என்ஏ என்று எழுத வேண்டும். ஒப்பிட முந்திய போகம் இல்லாதவரிடம் 'குறைந்ததா' என்ற கேள்வியையே கேட்க முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். குறைந்த தடவைகளை மட்டும் எண்ணாமல், எத்தனை ஒப்பீடு செய்ய முடிந்தது என்பதையும் பக்கத்து நிரலில் எண்ணுங்கள். ஒருவருக்கு நான்கு ஒப்பீட்டில் இரண்டு குறைவு, இன்னொருவருக்கு இரண்டு ஒப்பீட்டில் இரண்டு குறைவு என்றால் இருவரும் ஒன்றா? வெறும் எண்ணிக்கை அவர்களை ஒன்றாக்கிவிடுகிறது. விகிதமாக்கினால் வேறுபாடு தெரியும். ஒப்பீடே இல்லாதவருக்குப் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும்; ஆர் என்ஏஎன் (எண் அல்ல) என்று தரும். இஸ்.என்ஏ அதையும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் மறந்தாலும் கணக்கு மறக்காது.

நீக்கியது சரியா? பூச்சியம் போடலாமா?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். ஆனால் காரணங்கள் வேறு.

பூச்சியம் போட்டால் அந்தப் போகத்தில் விதைத்து ஒரு மணிகூட அறுக்கவில்லை என்று எழுதுவதாகும். வெள்ளத்தில் அப்படி முழுதாக அழிந்தவர்களும் உங்கள் கோப்பில் இருக்கக்கூடும். அவர்களுடைய பூச்சியம் உண்மையான பூச்சியம். விதைக்காதவரின் பூச்சியம் பொய். இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. சீனியர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். சில கோப்புகளில், உதாரணமாகக் கடைக் கணக்கில் விற்பனை பதியாத நாளுக்கு, பூச்சியம் போடுவது பொருந்தும். உங்களுடையதுக்குப் பொருந்தாது.

நீக்குவதில் உள்ள சிக்கல் நுட்பமானது. "ஏழெட்டுப் பேர்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழெட்டுப் பேரும் குலுக்கல் முறையில் விழுந்தவர்கள் அல்லர். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தளர்த்தப்பட்டது. உங்கள் ஆறு போகங்களும் அதைச் சுற்றியே இருக்கின்றன. அந்தக் காலத்தில் வெள்ளாமையை விட்டவர்களை நீக்கிவிட்டால், தாக்குப்பிடித்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு பாதிப்பு எவ்வளவு என்று கேட்கிறீர்கள். பாதிப்பு குறைவாகத்தான் தெரியும். பரீட்சகர் பிடிப்பாரோ இல்லையோ, உங்கள் முடிவு பிழையாகப் போகும்.

அவர்களைக் கோப்பில் வையுங்கள். விகிதத்தின் சராசரியை எடுக்கும்போது என்ஏ.ஆர்எம் என்பதை ட்ரூ என்று கொடுத்தால் அந்தக் கணக்கில் மட்டும் விலகி நிற்பார்கள். எத்தனை பேர் விலகினார்கள், ஏன் என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். முடியுமென்றால், விட்டவர்களைப் பற்றித் தனியாக ஒரு பந்தி எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டில் ஆட்கள் ஆர்வமாக வாசிக்கப்போவது அந்தப் பந்தியாகவும் இருக்கலாம்.

முந்திய நிரை, முந்திய போகமா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். லூப் ஒப்பிடுவது முந்திய நிரையோடு. நீங்கள் ஒப்பிட நினைப்பது முந்திய போகத்தோடு. செய்யாத போகத்துக்கு நிரை போடாததால் இவை இரண்டும் ஒன்றல்ல. வானம் பார்த்த காணிக்காரர் பெரும்போகம் மட்டும்தான் செய்வார். அவருக்கு உங்கள் லூப் பெரும்போகத்தைப் பெரும்போகத்தோடு ஒப்பிடுகிறது. உன்னிச்சைக் குளத்தின் கீழோ நவகிரியின் கீழோ செய்பவர் இரண்டு போகமும் செய்வார். அவருக்குப் பெரும்போகத்தைச் சிறுபோகத்தோடு ஒப்பிடுகிறது. இருவருக்கும் 'குறைந்தது' என்ற சொல்லுக்கு வேறு வேறு பொருள் வந்துவிட்டது. இதற்கு ஆர் எந்தப் பிழையும் தராது. இல்லாத நிரையை இஸ்.என்ஏ எண்ணவும் மாட்டாது.

ஒவ்வொரு விவசாயிக்கும் ஆறு போகத்துக்கும் ஆறு நிரை போடுங்கள். எக்ஸ்பாண்ட்.கிரிட் கட்டளையால் விவசாயி எண்ணையும் போகத்தையும் வைத்து முழுச் சட்டகத்தை உண்டாக்கி, மேர்ஜ் கட்டளையில் ஓல் என்பதை ட்ரூ என்று கொடுத்து உங்கள் கோப்போடு இணைத்தால் இல்லாத போகங்கள் என்ஏயாக வெளியே வரும். பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு நிரல் வையுங்கள்: தண்ணீர் இல்லை, குத்தகைக்குக் கொடுத்தார், வெள்ளாமையை விட்டார், ஞாபகமில்லை. கள ஏட்டில் இவை இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாத இடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், அல்லது வயல்வெளியைக் கவனிக்கும் வட்டை விதானையிடம் கேட்கலாம். பிறகு பெரும்போகத்தைப் பெரும்போகத்தோடும் சிறுபோகத்தைச் சிறுபோகத்தோடும் ஒப்பிடுங்கள். மூன்று பெரும்போகம், மூன்று சிறுபோகம். ஆகக்கூடியது நான்கு ஒப்பீடு. மைய எண்ணின் வரைவிலக்கணமே மாறுகிறபடியால் மேற்பார்வையாளரிடம் கதைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இந்தக் கிழமையே கதையுங்கள்.

விளைச்சல் நிரல் எண்ணாகத்தான் இருக்கிறதா என்று எஸ்டிஆர் கட்டளையால் ஒரு தடவை பாருங்கள். ஓரிடத்தில் "20 மூடை" என்று அடித்திருந்தாலும் முழு நிரலும் எழுத்தாகிவிடும். எழுத்தாக ஒப்பிட்டால் 9 என்பது 24ஐவிடப் பெரியது. இதற்கும் பிழை வராது.

எஸ்பிஎஸ்எஸ்ஸும் காசு கேட்பவரும்

மென்பொருளை மாற்றினால் பிழைச் செய்தி போய்விடும், கேள்வி போகாது. எக்ஸெல்லில் வெறும் பெட்டியை எண்ணோடு ஒப்பிட்டால் அது வெறுமையைப் பூச்சியமாக எடுத்து, 'குறைந்தது' என்றே விடை தரும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இஃப் நிபந்தனையின் விடை தெரியாவிட்டால் அந்த நிரையைத் தொடாமல் பேசாமல் கடந்துபோகும். ஸ்டேட்டா விடுபட்ட பெறுமதியை எல்லா எண்களையும்விடப் பெரியதாக எடுக்கும். நான்கில் ஆர் ஒன்றுதான் நின்று உங்களைக் கேட்டது. எஸ்பிஎஸ்எஸ் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதில் பழகியவர் அதிலேயே செய்யலாம். மூன்று கிழமை இருக்கும்போது புதிதாகப் பழகுவதுதான் வேண்டாம்.

காசு கேட்பவர் விடயத்தில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். கட்டளை எழுதக் கற்றுத்தரவோ எழுதியதைச் சரிபார்க்கவோ ஒருவருக்குப் பணம் கொடுப்பது வேறு. முடிவை அவரிடமிருந்து வாங்குவது வேறு. முதலாவதற்கும் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு விதிகளைப் பார்த்து, மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டுச் செய்வது பாதுகாப்பு. இரண்டாவதைச் செய்தால், ஏன் இத்தனை பேர் குறைகிறார்கள் என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது. 'கிளீன்' என்று அவர் சொல்வது, நீங்கள் செய்ததைப் போலவே ஆட்களை நீக்குவதாகவும் இருக்கக்கூடும்.

யாருக்குக் கொடுத்தாலும் கோப்பை இப்படியே கொடுக்காதீர்கள். விவசாயிகளின் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவேன் என்று சொல்லித்தானே அவற்றை வாங்கியிருப்பீர்கள்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இப்போது நாட்டில் இருக்கிறது. பெயர்களையும் இலக்கங்களையும் வேறு கோப்பில் பூட்டி வைத்து, விவசாயி எண்ணை மட்டும் ஆய்வுக் கோப்பில் விடுங்கள்.

நீக்கிய பதிவுகளின் மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. நீக்கியதை ஆருக்குள் மட்டும் செய்திருந்தால் எக்ஸெல் கோப்பில் அவர்கள் பத்திரமாக இருப்பார்கள். எக்ஸெல்லிலேயே அழித்துச் சேமித்திருந்தால், கட்டளையைத் தொடுவதற்கு முன்னால் கள ஏட்டை எடுத்து அந்த நிரைகளைத் திரும்ப அடித்துவிடுங்கள்.